வரிப் பெட்டிக்கு ஒரு பூட்டு

என் தங்கை வீட்டுக்காரர் பூட்டுத் திறக்கிறவர். சும்மா திறக்கிறவர் இல்லை; அவர் தெருமுனையில் திரும்பும்போதே பூட்டுகள் தாமாக வாயைப் பிளந்துகொண்டு வணக்கம் சொல்லும் என்று அவரே சொல்லியிருக்கிறார். கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: ‘எந்தப் பூட்டும் ஒரே நொடி.’ அதனால் அவருக்கு நொடியார் என்றே பெயர் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள், வரி அலுவலகத்தைத் தவிர. வரி அலுவலகம் யாரையும் மறப்பதில்லை.

சொந்தத் தொழில் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. நான் ஆயுள் முழுக்க வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்துச் சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன். என் வரியை, சம்பளம் என் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொண்டார்கள். தூங்குகிறவனுக்கு நகம் வெட்டின மாதிரி, போனதே தெரியாது. நொடியாருக்கு அப்படியா? முழுக் காசும் முதலில் கைக்கு வந்துவிடும். அதில் அரசாங்கத்தின் பங்கை மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்து, பிறகு சிரித்த முகத்தோடு கட்ட வேண்டும். முனிவர்களுக்கே முடியாத காரியம். நொடியார் மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தாலே தெருவில் மேளம் வைக்கலாம்.

முதலில் பணத்தை ஒரு தகர டப்பாவில் போட்டு, தானே ஒரு பூட்டும் போட்டார். அவர் போட்ட பூட்டை அவரே திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு என் தங்கை தன் பீரோவில் வைத்துப் பார்த்தாள். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்ததைப் பார்த்த பார்வையிலேயே நகல் எடுத்துவிட்டார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ஒரு சாவியைக் கொட்டாவி விடும் நேரம் பார்த்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அரத்தால் ராவி எடுத்துவிடுவார்.

“பேங்க்ல போட வேண்டியதுதானே மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“என்ன மச்சான் பேசறீங்க? பேங்க்ல போட்டா பூட்டே இல்ல. தெருவுக்குத் தெரு மிஷின் வெச்சிருக்கான். கார்டைச் சொருகினா கக்குது. டப்பாவாச்சும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.”

விளைவு, ஒவ்வொரு தவணையும் தாமதம். தாமதத்துக்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. அவருடைய கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் ஒல்லியான மனிதர். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு என்று யாரோ அவரிடம் கட்டணம் வசூலிப்பது போலப் பேசுவார். வருவார், கண்ணாடியைக் கழற்றுவார், நொடியாரைப் பார்ப்பார், “மறுபடியும்” என்பார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

இப்படியே இன்னும் நூறு வருஷம் ஓட்டியிருப்பார் நொடியார். ஆனால் அந்த முறை ஒரு பெரிய வேலை வாசல்வரை வந்து நின்றது. ஆற்றங்கரைப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அத்தனை கதவுக்கும் பூட்டு மாட்டும் குத்தகை. கதவுகளை எண்ணப் போனவர்கள் பாதியில் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குத்தகைக்கு ஒரே ஒரு நிபந்தனை: வரி பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். தவணையின் கடைசி நாளுக்குள் வரியைக் கட்டினால் சான்று. கட்டாவிட்டால் கதவுகள் வேறு யாருக்கோ.

என் தங்கை இந்த முறை யாரையும் நம்பவில்லை. நேராகத் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனாள்.

எதிர்க்கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பூட்டுச் செய்கிறவர். இவர் திறக்கிறவர். இரண்டு பேரும் ஒரே பட்டறையில் தொழில் கற்று, ஒரே நாளில் சண்டை போட்டுப் பிரிந்து, எதிரெதிரே கடை போட்டவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு டீ கூடக் குடிக்க முடியாதபடி, பார்த்துவிட்டால் அந்த டீ இனிக்காதபடி, அவ்வளவு கச்சிதமான எதிரெதிர்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரால திறக்க முடியாத பூட்டு ஒண்ணு வேணும்” என்றாள் தங்கை.

அவருடைய வாழ்நாளில் அதைவிட இனிய வாக்கியத்தை யாரும் அவர் காதில் போட்டிருக்க மாட்டார்கள். கையிலிருந்த அரம் கீழே விழுந்தது. “கூலி வேண்டாம் தங்கச்சி” என்றார்.

ஏற்பாடு இதுதான். ஒரு கனத்த இரும்புப் பெட்டி, நொடியாரின் கடைச் சுவரில் போல்ட் போட்டு முறுக்கப்படும். மேலே காசு போட ஒரு வெட்டு. ஒவ்வொரு நாள் மாலையும் என் தங்கை அன்றைய வருமானத்தில் வரிப் பங்கை எண்ணி அதில் போடுவாள். பூட்டு எதிர்க்கடைக்காரருடையது. ஒரே சாவி, அதுவும் தெருவுக்கு அந்தப் பக்கம் அவரிடமே இருக்கும். பெட்டி ஒருவரிடம், சாவி ஒருவரிடம். கடைசி நாளன்று ஆடிட்டர் முன்னிலையில் திறப்பது.

நொடியார் பூட்டைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்தது. “இதையா? இதுக்குப் போய் நான் உக்காரணுமா? நின்னுகிட்டே திறப்பேன்.”

“திறக்கக் கூடாதுங்கறதுக்குத்தானே மாட்டியிருக்கு!” என்றாள் தங்கை.

“அது சரி. திறக்க முடியும்னு சொன்னேன்.”

இங்கேதான் இந்தத் தொழில்காரர்களின் மடத்தனம் முழு அழகோடு வெளிப்படுகிறது. திறந்தால் வரி போய்விடும். திறக்க முடியாவிட்டால் பலகை பொய்யாகிவிடும். சாதாரண மனிதனாக இருந்தால் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நொடியார் அதற்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தூங்குவது அவர் வழக்கம். தூக்கம் நின்றது. பாதி ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் மண்டியிட்ட நிலையில் தெரியும். உள்ளிருந்து கம்பி உரசும் சத்தமும், பூட்டின் பரம்பரையைப் பற்றிச் சில அபிப்பிராயங்களும் கேட்கும். முதல் வாரம் கழிந்தது. இரண்டாவது வாரத்தில் அவர் கன்னம் ஒட்டிவிட்டது.

எதிர்க்கடைக்காரருக்கோ உடம்பில் புது ரத்தம் ஊறியது. நாற்காலியை வாசலில் போட்டுக் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

“யோவ் நொடி! நொடி ஆயிடுச்சாய்யா? இல்ல இன்னும் ஓடிக்கிட்டிருக்கா?”

“நான் முயற்சியே பண்ணலய்யா! குடும்ப விஷயம், தொடக் கூடாதுன்னு இருக்கேன்.”

“முட்டி ரெண்டும் தேஞ்சு போயிருக்கே. பிரார்த்தனையா?”

அத்தோடு விடவில்லை அவர். ஒரு நாள் காலை எதிர்க்கடையில் புதுப் பலகை தொங்கியது. ‘ஒரே நொடிக்காரரால் திறக்க முடியாத பூட்டு இங்கே கிடைக்கும்.’ எழுத்துகள் நிலாவிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவுக்குப் பெரியவை. அன்று முதல் கூட்டமெல்லாம் அந்தப் பக்கம். பூட்டு வாங்க வந்தவர்கள், அப்படியே திரும்பி நொடியாரைச் சுற்றுலாத் தலம் மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

நானும் தினமும் போய்விடுவேன். ஓய்வூதியக்காரனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எந்த அரசாங்கம் கொடுக்கும்?

மூன்றாவது வாரம் முடிந்து ஒரு நாள், எதிர்க்கடைக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். “யோவ் நொடி, என் பேரனைக் கூப்பிடவா உதவிக்கு? ஒரு வயசு ஆகப்போவுது!”

நொடியார் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, ஊரில் மழை பெய்தால் நமக்கென்ன என்பது போல ஒரு சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயை மூடிக்கொண்ட நொடியாரை நான் அதுவரை பார்த்ததே கிடையாது. அவர் தூங்கும்போதுகூடத் திறந்துதான் இருக்கும். அந்த மூடிய வாயின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வேறு ஒளிந்திருந்தது.

அந்த வாரத்திலேயே கடைக்குள் ஒரு மிஷின் வந்து இறங்கியது. கம்ப்யூட்டர் வைத்த சாவி வெட்டும் மிஷின். நீல விளக்கு, திரை, பொத்தான்கள். அதை ராக்கெட் விடுகிறவர்களிடம் கொடுத்திருந்தால் அவர்களே கொஞ்சம் தயங்கியிருப்பார்கள். கண்ணால் பார்த்தே சாவி செய்கிற மனிதருக்கு அது எதற்கு? “கம்பெனிக்காரன் சும்மா வெச்சுட்டுப் போயிருக்கான். பிடிச்சா வாங்கலாமாம்” என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். அவளும் நம்பியிருந்தாள். பூட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

தங்கை உள்ளே போன சமயம் பார்த்து நான் இரும்புப் பெட்டியை விரல் முட்டியால் தட்டினேன். பணம் நிறைந்த பெட்டி தொப்பென்று கேட்கும். இது கோயில் மணி மாதிரி டங்ங்ங்... என்றது.

நொடியார் பாய்ந்து வந்து பெட்டியைக் கட்டிப்பிடித்து மணியை நிறுத்தினார்.

“மச்சான்!”

“மாப்பிள்ளை!”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“என்னத்த?”

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் என் தங்கை கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. “யார்கிட்டயாவது சொல்லலேன்னா வெடிச்சுடுவேன் மச்சான். உள்ள ஏழு லிவர், சாவி தூக்கிவிடற தகடுங்க. அதுல அஞ்சாவது பொய் லிவர். அதைத் தொட்டா மத்த ஆறும் மறுபடி இறங்கிடும். பாவி, என்னமா யோசிச்சிருக்கான்! இங்க பாருங்க...” இரண்டு கம்பிகளை எடுத்தார். கண்ணை மூடினார். பெட்டி திறந்தது. உள்ளே சுத்தமாகத் துடைத்த வெறுமை.

“பணம்?”

அவர் மிஷினைப் பார்த்தார். மிஷின் நீலமாகக் கண் சிமிட்டியது.

அவருடைய நியாயம் இப்படி: திறந்த அன்று மகிழ்ச்சி தாங்கவில்லை. யாரிடமும் சொல்லிக் கொண்டாடவும் வழியில்லை. அதனால் தனக்குத்தானே ஒரு பரிசு: பெட்டியில் இருந்தது முன்பணம், மீதி தவணையில். தவணைக்குள் சம்பாதித்து, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிடலாம்.

“எங்கேர்ந்து சம்பாதிப்பீங்க? கூட்டமெல்லாம் எதிர்க்கடையில நிக்குது.”

“அதான் மச்சான் கொடுமை. நான் திறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா அத்தனை கூட்டமும் இங்க வந்துடும். சொன்னா உங்க தங்கச்சி என்னைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிடுவா.”

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? வாயை மூடிக்கொண்டேன். இவ்வளவு அருமையான நாடகத்தின் நடுவில் எழுந்து நின்று கதையைச் சொல்லிவிட நான் என்ன ரசனையற்றவனா? தொழில் வாழ்க்கையின் ஆகப் பெரிய வெற்றியை அடைந்த ஒரு மனிதர், அதைச் சொல்ல முடியாமல், தோற்றவர் என்று தினம் பத்துப் பேரிடம் பேர் வாங்கிக்கொண்டு, மாலையானால் மனைவி பெட்டியில் போடும் நோட்டை மறுநாள் மதியம் மிஷின் தவணைக்கென்று எடுத்துக்கொண்டிருந்தார். வரி கட்டுவதை விட்டு ஓடுகிறவர்களுக்கு அரசாங்கம் இதைவிடப் பெரிய தண்டனை கண்டுபிடிக்க முடியாது.

கடைசி நாள் வந்தது.

ஆடிட்டர் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். நொடியாரைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை, காசை மிச்சப்படுத்தினார் போல. குடியிருப்புக் கட்டுகிறவர் சாயங்காலத்துக்குள் சான்று வேண்டும் என்று போன் செய்துவிட்டார். என் தங்கை நல்ல புடவை கட்டியிருந்தாள். எதிர்க்கடைக்காரர் சாவியை ஒரு தட்டில் வைத்து, நெஞ்சுக்கு நேரே ஏந்தி, ராஜா மாதிரி தெருவைக் கடந்தார். வண்டிகள் நின்று வழிவிட்டன. தெருவில் பாதி கடைவாசலில் நின்றது. மீதிப் பாதி அவர்கள் தோள்மேல் எட்டிப் பார்த்தது.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. ஒரு கீறல் இல்ல. மூணு மாசம்!” என்று சொல்லிச் சாவியைத் திருகினார்.

பெட்டி திறந்தது. உள்ளே ஒற்றை நோட்டு படுத்திருந்தது.

என் தங்கை அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இது நான் நேத்து சாயங்காலம் போட்டது. மத்ததெல்லாம் எங்க?”

நொடியார் விட்டத்தைப் பார்த்தார். விட்டத்தில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதை அவ்வளவு ஆழமாக யாரும் ஆராய்ந்திருக்க முடியாது.

தங்கை மெதுவாக எதிர்க்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். “அண்ணே. சாவி உங்ககிட்ட மட்டுந்தானே இருந்துச்சு?”

அவர் தட்டோடு ஓர் அடி பின்வாங்கினார். “தங்கச்சி! என்னம்மா இப்படிக் கேக்கற! உன் வீட்டுக்காரர் எடுத்திருப்பாரு!”

“அவரால திறக்க முடியாதுன்னு போர்டு மாட்டினது யாரு? நீங்கதானே? ஊரே படிச்சிருக்கு. அவரால முடியாது. அப்ப முடிஞ்சது யாரால?”

“ஆமாம்” என்றார் ஆடிட்டர். அதுவே ஒரு தீர்ப்பு மாதிரி விழுந்தது.

எதிர்க்கடைக்காரர் தன் பலகையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஒன்று பலகை, இல்லை மானம். அவர் முகத்தில் வியர்வை கோடு போட்டு ஓடியது. கடைசியில் பலகையைக் கைவிட்டார்.

“அதெல்லாம் வியாபாரத்துக்காக எழுதினதும்மா! அது ஒண்ணும் பெரிய பூட்டு இல்ல. பழைய சாமான்ல ஒட்டுப் போட்டது. தலையில சொருகற ஊசி இருந்தா சின்னக் குழந்தைகூடத் திறந்துடும். யார் வேணா வந்து எடுத்திருக்கலாம்!”

நொடியார் பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். பூட்டு மட்டம், திருடன் எவனோ, பணம் போயிற்று, பாவம் நொடியார் என்று கதை முடிந்திருக்கும். அவர் அசையாமல்தான் நின்றார். ஆனால் அவர் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், ஒன்று, இரண்டு...

“யாரைப் பாத்துய்யா குழந்தைங்கற?” என்று குதித்தார். “ஒட்டுப் போட்ட பூட்டா இது? ஏழு லிவருய்யா! மூணு வாரம் மண்டி போட்டுத் திறந்தேன்யா நான்! முட்டியைப் பாரு!” வேட்டியைத் தூக்கி முட்டியையும் காட்டினார்.

எங்கோ ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து, சூழ்நிலையைப் புரிந்துகொண்டு நிறுத்தியது.

எதிர்க்கடைக்காரர் தட்டைக் கீழே வைத்தார். “மூணு வாரமா?” என்று கேட்டார். குரல் பூப்போல இருந்தது. “அஞ்சாவது...”

“பொய் லிவர். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம். எப்படிய்யா அது தோணுச்சு உனக்கு?”

“உன் கை எப்பவும் இடதுபக்கம் அழுத்தும்ல. அதை நெனச்சுத்தான் அதை அங்க வெச்சேன்.”

“அடப்பாவி! நானும் சந்தேகப்பட்டேன்!”

இரண்டு பேரும் திறந்த பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் கம்பியை விட்டுக் காட்ட, ஒருவர் தலையை ஆட்ட, புது மாப்பிள்ளையும் பெண்ணும் கெட்டார்கள் போங்கள். சுற்றி நின்ற கூட்டம், ஆடிட்டர், அரசாங்கம் எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை.

என் தங்கைக்குத் தெரிந்தது. அவள் மிஷினைப் பார்த்தாள். மிஷின் கண் சிமிட்டியது.

“சும்மா வெச்சுட்டுப் போன மிஷின்” என்றாள்.

நொடியாரின் தலை மெதுவாகத் தோள்களுக்குள் இறங்கியது, ஆமை மாதிரி.

“அண்ணா, உனக்குத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். அதில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

பிறகு நடந்ததுதான் வியாபாரம். அவள் எதிர்க்கடைக்காரரை எழுப்பி நிற்கவைத்தாள். “இந்த மிஷினை நீங்க எடுத்துக்குங்க. வாங்கின விலை, அதுக்கு மேல கொஞ்சம்.”

“மேல எதுக்குத் தங்கச்சி?”

“இவர் கைப்பட எழுதித் தருவாரு. ‘இந்தப் பூட்டைத் திறக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று’ன்னு. கையெழுத்தோட. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில மாட்டிக்குங்க. இல்லேன்னா நீங்க இப்ப எல்லார் முன்னாடியும் சொன்னதை நான் போர்டுல எழுதி மாட்டறேன். பழைய சாமான், ஒட்டு, குழந்தை, தலை ஊசி.”

எதிர்க்கடைக்காரர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு நடுத்தெருவிலேயே நின்றுவிட்டது. பணத்தோடு திரும்பி வந்தார். மிஷினின் மீதித் தவணைக்குத் தங்கை முதலில் எண்ணித் தனியாக வைத்தாள். மற்றதை ஆடிட்டர் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தன் கணக்கிலிருந்து கட்டப் போனில் நாலு முறை தட்டினார். வரி போய்ச் சேர்ந்தது. இவ்வளவுதான் வேலை! இதற்காகத்தான் ஓர் இரும்புப் பெட்டி, ஏழு லிவர், ஒரு ஜோடி முட்டி. சான்று சாயங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. கதவுகள் நொடியாருக்கே. ஆடிட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அடுத்த தவணை” என்று இரண்டு வார்த்தை கூடுதலாகச் செலவழித்துவிட்டுப் போனார்.

இப்போது அந்த நீல விளக்கு எதிர்க்கடையில் எரிகிறது. அதற்குப் பக்கத்திலேயே, கண்ணாடிச் சட்டத்துக்குள் நொடியாரின் கையெழுத்து. அந்தப் பக்கமும் கூட்டம், இந்தப் பக்கமும் கூட்டம். மூன்று வாரம் தாங்கிய பூட்டை வாங்குகிறவர்கள் அங்கே, அதையும் திறந்த மனிதரைத் தேடுகிறவர்கள் இங்கே. மடத்தனத்துக்கு இவ்வளவு லாபம் வரும் என்று தெரிந்திருந்தால் நானும் மீட்டர் பார்க்கப் போயிருக்க மாட்டேன்.

வரியை என் தங்கையே பார்த்துக்கொள்கிறாள். மூன்று மாதமெல்லாம் காத்திருப்பதில்லை. வாரக் கடைசியில் போனை எடுத்து, ரகசிய எண்ணை அழுத்தி, அரசாங்கத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறாள். அங்கே போன காசு எந்தக் கம்பிக்கும் திரும்பி வராது. ஆனால் அனுப்புவதற்கு முந்தின நாள்வரை அந்த வாரக் காசெல்லாம் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. நொடியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். துளை இல்லை, லிவர் இல்லை, கம்பி விட ஒரு சந்து இல்லை.

நேற்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மச்சான், உங்க தங்கச்சி அந்த நம்பரை அழுத்தும்போது நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. விரல் எந்தெந்தப் பக்கம் போச்சுன்னு பாத்தீங்களா?”

“பாத்தேன் மாப்பிள்ளை.”

“சொல்லுங்க மச்சான்.”

ஆயுள் முழுக்க மீட்டர் எண்களை ஒரு பார்வையில் படித்துவிட்டுப் போனவன் நான். அத்தனை எண்ணும் அப்படியே மனசில் நிற்கிறது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கீழே கிடந்த ஒரு சாவியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.